கடையில் மலிவு, காட்டில் அரிது: ஆர்க்கிட் எப்படிப் பிழைக்கிறது?

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டு மாமரத்தை ஆள் வைத்துச் சுத்தம் செய்தார்கள். கிளைகளில் படர்ந்திருந்த புறா ஆர்க்கிட் அத்தனையையும் கத்தியால் சுரண்டி, உரச்சாக்கில் திணித்து, குப்பைத்தொட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். "புல்லுருவி தம்பி. விட்டா மரத்தையே தின்னுடும்" என்றார் அந்த வீட்டு அம்மா. அவர் வாசலிலேயே பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஊதா ஆர்க்கிட் தொட்டி இரண்டு தொங்குகின்றன. தினமும் காலையில் அவற்றுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலேசியாவில் பத்துகாஜாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். கித்தா (ரப்பர்) மரத்தில் புல்லுருவி ஏறினால் கிளை காயும். அதனால் மரத்தில் எது பச்சையாக ஒட்டியிருந்தாலும் பிடுங்கி எறிவதுதான் வழக்கம்.

ஆர்க்கிட் பற்றி இங்கே இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். மரத்தின் சத்தை அது உறிஞ்சுகிறது என்பது ஒன்று. "ஆர்க்கிட் அழியுதுன்னு சொல்றாங்களே, மாலைக்கடையில கூடை கூடையா கிடக்குதே" என்பது இன்னொன்று. அந்தச் செடி எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும். அதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

மாடியில் குடியிருப்பவர்

புல்லுருவி என்று ஒரு செடி உண்மையிலேயே இருக்கிறது. பூக்கொத்திக் குருவி அதன் பழத்தைத் தின்றுவிட்டுக் கிளையில் எச்சம் போடும். அதில் உள்ள விதை கோந்து போல அங்கேயே ஒட்டிக்கொண்டு முளைக்கும். முளைத்ததும் கிளையின் உள்ளே இறங்கி, மரத்தின் நீரோட்டத்திலேயே வாய் வைத்துவிடும். இப்படி இன்னோர் உயிரின் உடம்பிலிருந்து உறிஞ்சி வாழ்வது ஒட்டுண்ணி.

ஆர்க்கிட் அந்த வேலையைச் செய்வதில்லை. நம் வீட்டுக்குள் புகுந்து குழாய்த் தண்ணீரைத் திருடுகிறவர் ஒருவர். நம் மாடியில் குடியிருந்து, மழைத் தண்ணீரைத் தானே பிடித்து, தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்பவர் இன்னொருவர். ஆர்க்கிட் இரண்டாமவர். அதன் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே இறங்காது. மரத்தின் மேல் தங்கி, மரத்திடம் எதையும் வாங்காமல் வாழும் இப்படிப்பட்ட செடியைத் தொற்றுச்செடி என்பார்கள். உலகத்து ஆர்க்கிட் இனங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் தொற்றுச்செடிகள். மற்றவை பெரும்பாலும் தரையில் வளர்பவை.

மாடி வாழ்க்கை சுகம் என்று நினைக்க வேண்டாம். மழைக்காட்டின் தரையில் இருட்டு, மேலே போனால் வெயில் உண்டு. ஆனால் மேலே மண் இல்லை. பெய்த மழை பத்து நிமிடத்தில் வழிந்து ஓடிவிடும். அதனால் ஆர்க்கிட் தண்ணீரைச் சேமிக்கப் பழகியிருக்கிறது. தொங்கும் வேர் ஒன்றைப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளி போல வெளுத்திருக்கும். அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தால் கண்ணெதிரே பச்சையாக மாறும். வேரைச் சுற்றி ஸ்பாஞ்சு போன்ற உறை இருப்பதுதான் காரணம். அது தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சியதும் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. ஆம், ஆர்க்கிட்டின் வேரும் இலையைப் போலவே வெயிலில் சோறு சமைக்கும். பல இனங்களில் தண்டும் பருத்து ஒரு தண்ணீர்த் தொட்டி போல இருக்கும். இன்னும் சில, பகல் வெயிலில் இலைத் துளைகளை மூடி வைத்துவிட்டு, இரவுக் குளிர்ச்சியில் திறந்து மூச்சு வாங்கும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் காட்டில் வளரும் புலி ஆர்க்கிட் உலகிலேயே பெரிய ஆர்க்கிட். ஒரே குத்து ஒரு டன் எடையைத் தாண்டும். அப்படி ஒன்று ஏறினால் பலவீனமான கிளை முறியலாம். அது பாரத்தினால் முறிவது. மாமரத்துப் புறா ஆர்க்கிட்டுக்கு அந்தக் கனமும் கிடையாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: புல்லுருவி மரத்திடமிருந்து உறிஞ்சுகிறது, ஆர்க்கிட் மரத்தின் மேல் குடியிருக்கிறது. மரம் அதற்கு இடம், வெளிச்சம், பிடிமானம்.

கட்டுச்சோறு இல்லாத விதை

அப்படியானால் எல்லா மரத்திலும் ஆர்க்கிட் வளர வேண்டுமே? ஏன் வளர்வதில்லை? இதற்கு விதையைப் பார்க்க வேண்டும்.

ஒரு தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்மரம் தன் பிள்ளைக்கு மாதக்கணக்கில் காணும்படி தண்ணீரும் பருப்பும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறது. நெல்லிலும் அவரையிலும் அதே கதைதான். விதைக்குள் நாம் தின்னும் பகுதி அந்தக் கட்டுச்சோறு. முளைத்து முதல் இலை விடும்வரை குட்டிச் செடி அதைத் தின்றுதான் வளரும்.

ஆர்க்கிட் காயைப் பிளந்தால் வெளிர் மஞ்சளாக ஒரு தூசி கொட்டும். ஊதினால் பறந்துவிடும். ஒவ்வொரு துகளும் ஒரு விதை. சில இனங்களில் ஒரே காயில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும். சார்லஸ் டார்வின் ஒரு சாதாரண ஐரோப்பிய ஆர்க்கிட்டின் விதைகளைக் கணக்கிட்டு, ஒரு செடிக்கு 1,86,300 என்று எழுதிவைத்தார். எல்லாம் முளைத்தால் அதன் கொள்ளுப்பேரன் தலைமுறையே உலகத்தின் நிலப்பரப்பை ஏறக்குறைய மூடிவிடும் என்றும் கணக்குப் போட்டார். ஏன் அப்படி மூடவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை.

விடை 1899-இல் கிடைத்தது. பிரான்ஸில் ராணுவச் சேவையில் இருந்த நோயல் பெர்னார் என்ற இளைஞர், காட்டுத்தரையில் இலைச்சருகுக்கு அடியில் ஆர்க்கிட் விதைகள் முளைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். முளைத்த ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூஞ்சையின் இழை சுருண்டு கிடந்தது. இதுதான் சூட்சுமம். ஆர்க்கிட் விதையில் கட்டுச்சோறே இல்லை. காற்றில் பறந்து எங்கோ விழுந்து, சரியான பூஞ்சை அங்கே இருந்தால்தான் அதற்கு வாழ்வு. பூஞ்சை இழை விதைக்குள் நுழையும். விதை அந்த இழையைச் செரித்துச் சாப்பிட்டு வளரும். பூஞ்சைக்கோ மக்கும் பட்டை, சருகு, கட்டை ஆகியவற்றிலிருந்து சத்து கிடைக்கிறது. வேரும் பூஞ்சையும் சேர்ந்து நடத்தும் இந்தக் குடும்பத்துக்கு வேர்ப்பூஞ்சை உறவு என்று பெயர்.

ஆகவே, ஆர்க்கிட் யாரிடமாவது ஓசிச் சோறு தின்கிறது என்றால் அது மரத்திடம் இல்லை. குழந்தைப் பருவத்தில் பூஞ்சையிடம் தின்கிறது. வளர்ந்து இலை விட்டபின் சில இனங்கள் தாங்கள் சமைத்த சர்க்கரையில் கொஞ்சத்தைப் பூஞ்சைக்குத் திருப்பிக் கொடுப்பதும் தெரியவந்திருக்கிறது.

1922-இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்ஸன் என்பவர் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார். பூஞ்சையே வேண்டாம், சர்க்கரை கலந்த கூழில் விதையைத் தூவினாலும் முளைக்கும் என்று காட்டினார். கிருமி புகாத கண்ணாடிக் குடுவையில் அந்தக் கூழ்தான் கட்டுச்சோறு. நம் பக்கத்தில் 1928-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்ட்டம் இந்த முறையைக் கையிலெடுத்தார். இன்று பசார் மாலாமில் ஆர்க்கிட் மலிந்து கிடப்பதன் தொடக்கம் அந்தக் குடுவைதான். அந்தக் குடுவை காட்டில் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு மாலைப் பூவைப் பிரித்துப் பார்க்கலாம்

கல்யாண மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு பூ போதும். அது பெரும்பாலும் டென்ட்ரோபியம் வகை. பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிவட்டத்தில் மூன்று, உள்வட்டத்தில் மூன்று என்று ஆறு இதழ் தெரியும். உள்வட்டத்து மூன்றில் ஒன்று மட்டும் வேறு மாதிரி, உதடு போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பூச்சி வந்து உட்காரும் திண்ணை அதுதான். திண்ணைக்கு மேலே பூவின் நடுவில் குட்டையாக ஒரு தூண். மற்ற பூக்களில் பெரும்பாலும் ஆண் பகுதியும் பெண் பகுதியும் தனித்தனியாக நிற்கும். ஆர்க்கிட்டில் இரண்டும் இந்த ஒரே தூணாக ஒட்டிப்போயிருக்கும். தூணின் நுனியில் கடுகளவு ஒரு மூடி. குச்சியால் அதைக் கீழிருந்து மெல்ல நெம்புங்கள். மூடி கழன்றதும் மெழுகு போன்ற மஞ்சள் உருண்டைகள் தெரியும். அதுதான் மகரந்தம்.

இப்போது வாசலில் நிற்கும் செம்பருத்தியைத் தொட்டுப் பாருங்கள். விரலெல்லாம் மஞ்சள் பொடி ஒட்டும். செம்பருத்தி பொடியைத் தூவுகிறது, யார்மீது பட்டாலும் சரி என்று. ஆர்க்கிட் பொடியை உருண்டை பிடித்துப் பொட்டலமாக வைத்திருக்கிறது. இந்தப் பொட்டலம்தான் மகரந்தத் திரள். ஒரே பூச்சியின் முதுகில் ஒரே பொட்டலம். சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த ஒரு தடவையிலேயே லட்சக்கணக்கான விதைக்கு வழி பிறக்கும். தவறான பூவுக்குப் போனால் மொத்தமும் வீண். ஆகவே ஆர்க்கிட்டுக்கு நம்பிக்கையான தூதர் வேண்டும். பூவின் வடிவம், நிறம், வாசனை எல்லாம் அந்த ஒரு தூதரைக் கூப்பிடத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டது. பாகற்காய், பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) போடுகிறவர்களுக்குப் பழ ஈயைத் தெரியும், பிஞ்சைத் துளைத்து முட்டையிட்டுப் பாழாக்கும். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் டான் கெங் ஹோங்கும் ஜப்பானின் ரிட்சுவோ நிஷிடாவும், பல்போஃபில்லம் பேட்டன்ஸ் என்ற காட்டு ஆர்க்கிட் இந்த ஈக்களை எப்படி வரவழைக்கிறது என்று ஆராய்ந்தார்கள். அந்தப் பூவில் ஜிஞ்சரோன் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. இஞ்சியில் இருக்கும் அதே பொருள்தான். ஆண் ஈக்கு அது வேண்டும். அதை உண்டு, பெண் ஈயைக் கவரும் தன் சொந்த வாசனையைச் செய்துகொள்ளும். ஈ திண்ணையில் உட்கார்ந்து நக்கிக்கொண்டே நகரும்போது, கீல் வைத்த கதவு போலத் திண்ணை சாய்ந்து, ஈயைத் தூக்கித் தூணின்மேல் சாத்தும். வெளியே வரும்போது முதுகில் பொட்டலம். தோட்டத்தில் நாம் மருந்தடித்து விரட்டும் ஈ, காட்டில் ஒரு செடியின் வம்சத்தையே சுமந்து திரிகிறது.

இதில் கொடுக்கல் வாங்கல் நேர்மையாக இருக்கிறது. எல்லா ஆர்க்கிட்டும் அப்படியில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இனங்கள் தேனோ கூலியோ கொடுக்காமல், இருப்பது போலக் காட்டி மட்டுமே பூச்சியை அழைக்கின்றன.

இந்த ஏற்பாடு எவ்வளவு பழையது? 2007-இல் ஒரு சான்று வெளியானது. கரீபியன் பகுதியில் கிடைத்த அம்பர் கல் ஒன்றுக்குள், ஒன்றரை முதல் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினில் சிக்கிய ஒரு தேனீ. அதன் முதுகில் ஆர்க்கிட்டின் மகரந்தத் திரள் அப்படியே ஒட்டியிருந்தது. அது கொட்டாத தேனீ வகை, நாம் தேன் வாங்கும் கெலூலூட்டின் தூரத்து உறவு. அந்தப் பொட்டலத்தை அளவுகோலாக வைத்துக் கணக்கிட்டபோது, டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே ஆர்க்கிட் குடும்பம் தோன்றிவிட்டது என்று தெரிந்தது.

சுருக்கமாக: விதைக்குப் பூஞ்சை வேண்டும், பூவுக்குத் தூதர் வேண்டும், செடிக்கு மரம் வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் ஆர்க்கிட்டின் அடுத்த தலைமுறை இல்லை.

கொண்டு கொடுக்காத அண்டை வீடுகள்

உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள் உண்டு. பறவை இனங்களையும் பாலூட்டி இனங்களையும் கூட்டினாலும் இந்த எண்ணிக்கை வராது. தீபகற்ப மலேசியாவில் மட்டும் 800-க்கு மேல். சபாவின் கினபாலு மலை ஒன்றிலேயே 700-க்கு மேல். இத்தனை எப்படி வந்தன?

முதலில் இனம் என்றால் என்னவென்று பார்ப்போம். கொள்வினை கொடுப்பினை உள்ள கூட்டம் ஒன்றைத்தான் இனம் என்கிறோம். தங்களுக்குள் கலந்து பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் தங்களுக்குள் கலக்கும் கூட்டம். கொள்வினை கொடுப்பினை நின்றுபோய், பல்லாயிரம் ஆண்டு தனித்தனியாக வாழ்ந்தால் ஒரு கூட்டம் இரண்டு இனமாகப் பிரியும்.

சாதாரணமாக அது நிற்க ஒரு கடலோ மலையோ குறுக்கே வர வேண்டும். ஆர்க்கிட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரே மரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் இரண்டு செடி. ஒன்றின் வாசனை பிறவியிலேயே கொஞ்சம் மாறிப்போய், வேறொரு வண்டு அதற்கு வர ஆரம்பித்தால் முடிந்தது கதை. இரண்டு வீட்டுக்கும் தூது போகிற ஆள் வேறு. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் சம்பந்தம் இல்லை. இதோடு மலை மலையாகப் பிரிந்து கிடப்பது, மரத்து மேலேயே புதிய மூலைகளைப் பிடித்துக்கொள்வது எல்லாம் சேர்ந்துகொண்டன. தூசி விதை எங்கோ ஒரு தனித்த மலையில் விழுந்து முளைத்தால் அங்கே ஒரு புதுக் கிளைக்கதை தொடங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, இவற்றைப் பிரித்து வைப்பது பெரும்பாலும் தூதர்தான். உள்ளுக்குள் இரண்டும் இன்னும் பொருந்தக்கூடியவை. அதனால்தான் மனிதன் குச்சியை எடுத்துத் தானே தூதராகி, காட்டில் ஒருநாளும் சேராத இரண்டு இனத்தைச் சேர்க்க முடிகிறது. அப்படிப் பிறப்பது கலப்பினம். லண்டனில் வைத்திருக்கும் பதிவேட்டில் கலப்பின ஆர்க்கிட் பெயர்கள் ஒரு லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டன.

கிந்தாவின் களை

கலப்பினம் என்றதும் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரின் தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி சிங்கப்பூரில் உருவாக்கிய கலப்பினம் அது. 1981 முதல் தேசிய மலராக இருக்கிறது. அதன் பெற்றோரில் ஒன்று வடகிழக்கு இந்தியா, பர்மா பக்கத்துச் செடி. இன்னொன்று எங்கள் கிந்தா சமவெளியின் சேற்று நிலத்தில் வளர்ந்தது. அங்கே அது அவ்வளவு மண்டிக் கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதைக் கிந்தா வீட் என்றே கூப்பிட்டார்கள். வீட் என்றால் களை. கிந்தாவின் களை.

பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் போய்ப் பாருங்கள். அந்தச் சேற்று நிலத்தில் பாதி ஈய லம்பமானது, அதாவது ஈயச் சுரங்கமானது. லம்பம் ஓய்ந்தபின் குட்டையும் மணலும் எஞ்சின. மீதியில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துச் செம்பனை நட்டார்கள், தாமான் கட்டினார்கள். களை என்று பெயர் வாங்கும் அளவுக்கு மண்டிய ஒரு செடியை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். அதன் பிள்ளையோ பக்கத்து நாட்டின் தேசிய மலராக இருக்கிறது.

அந்தக் கலப்பினத்தை 1893-இல் முதன்முதலில் விவரித்து எழுதியவர் ஹென்றி ரிட்லி, சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர். இந்தப் பெயர் தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இன்னொரு வகையில் சொந்தம். மரம் சாகாமல் பட்டையை மீன்முள் வடிவில் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும், ரப்பர் போடுங்கள் என்று துரைமார்களை விடாமல் நச்சரித்தவரும் அவர்தான். ரப்பருக்காகக் காடு சாய்ந்தது. அதே ரப்பருக்காகத்தான் நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்தார்கள். ஒரே மனிதரின் மேசையில் அந்தப் பூவும் இருந்தது, அந்தப் பாலும் இருந்தது. இதை யார் குற்றமாகவும் சொல்லவில்லை. ஆனால் ஆர்க்கிட் எப்படிப் போனது என்பதை நம் குடும்பக் கதையிலிருந்து பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கித்தாக் காடும் செம்பனைக் காடும் பார்க்கப் பச்சைதான். செம்பனையின் மட்டை இடுக்குகளில் பெரணி தழைக்கும், புறா ஆர்க்கிட் போன்ற ஒன்றிரண்டு ஆர்க்கிட்டும் ஒண்டிக்கொள்ளும். ஆனால் பழைய காட்டில் நூறு வகை மரம், அவற்றின் பட்டையில் ஈரம், அந்த ஈரத்தில் பூஞ்சை, அதைச் சுற்றி வண்டும் ஈயும் என்று இருந்த ஊரையே ஒரே மரம் திருப்பித் தர முடியாது.

தொட்டியில் இருப்பதைக் கணக்கில் சேர்க்கலாமா?

இப்போது மாலைக்கடைக் கேள்விக்கு வரலாம். கடையில் இருப்பவை அநேகமாக எல்லாமே கலப்பினங்கள். அதிலும் பெரும்பாலானவை நகல்கள். 1960-இல் ஜார்ஜ் மோரெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, ஒரு ஆர்க்கிட் குருத்தின் கடுகளவுத் துண்டிலிருந்து அச்சு மாறாத செடிகளை வளர்க்கும் வழியைக் காட்டினார். ஒரே தாயிலிருந்து விதையில்லாமல் எடுக்கப்படும் அச்சு அசலான செடியே நகல். கூடையில் ஆயிரம் பூ இருக்கலாம். உயிரியல் கணக்கில் அது ஒரே ஆளின் ஆயிரம் புகைப்படம்.

காட்டில் ஓர் இனத்தின் நூறு செடி இருந்தால் நூறும் நூறு குணம். ஒன்று வறட்சி தாங்கும், ஒன்று நோய் தாங்கும். அந்த வேறுபாடுதான் நாளைக்கு வெயில் ஏறினாலும் மழை தப்பினாலும் இனத்தைக் கரை சேர்க்கும் முதல். தொட்டிச் செடிக்கு அந்த முதல் கிடையாது, காட்டில் திரும்பிப் போய் உட்கார ஓர் இடமும் கிடையாது. கோழிப்பண்ணையில் லட்சம் கோழி இருப்பதால் காட்டுக்கோழி பிழைத்துக்கொண்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். இதுவும் அப்படித்தான்.

காடு அழிவது ஒரு பக்கம் என்றால், காட்டில் மிச்சமிருப்பதைப் பிடுங்குவது இன்னொரு பக்கம். கினபாலு மலைப்பகுதியில் மட்டுமே வளரும் ரோத்ஸ்சைல்ட் செருப்பு ஆர்க்கிட்டின் கதை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1888-இல் அது அறிவியலுக்கு அறிமுகமானபோது, விற்ற வியாபாரி போட்டியாளர்களை ஏமாற்ற நியூகினியிலிருந்து வந்தது என்று பொய் சொன்னார். உண்மையான இடம் 1959-இல்தான் மறுபடி தெரியவந்தது. தெரிந்ததும் பிடுங்கத் தொடங்கினார்கள். அதன் பூவில் உள்ள சின்னப் புள்ளிகளும் மயிர்களும் செடிப்பேன் கூட்டம் போலத் தெரிவதால், செடிப்பேன் தின்னும் குஞ்சுகளுக்காக முட்டையிட வரும் ஒரு வகை ஈ ஏமாந்து மகரந்தம் சுமக்கிறது. அந்த ஈ நம் வரவேற்பறைக்கு வராது. பிடுங்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் வைத்த செடி ஆண்டுதோறும் பூக்கலாம், தானாகக் காய்க்காது.

இதைத் தடுக்கத்தான் 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டஸ் உடன்படிக்கை. நாடு விட்டு நாடு போகும் அரிய உயிர்களுக்குப் பாஸ்போர்ட் சோதனை போல ஓர் ஏற்பாடு. அதன் பட்டியலில் உள்ள இனங்களில் 70 சதவீதத்துக்கு மேல் ஆர்க்கிட்தான். நம் நாட்டுச் செருப்பு ஆர்க்கிட்கள் எல்லாமே மிகக் கடுமையான பிரிவில் உள்ளன, காட்டிலிருந்து எடுத்து விற்கவே கூடாது. மலேசியாவில் இதற்கென்றே 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது.

திருப்பி நடுவது

காப்பாற்றும் வேலை எப்படி நடக்கிறது என்பதற்குச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா நல்ல உதாரணம். அந்தத் தீவில் ஒரு காலத்தில் பதிவான காட்டு ஆர்க்கிட் இனங்களில் பெரும்பாலானவை இன்று அங்கே இல்லை. 1995-இல் அவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மிச்சமிருந்த செடிகளிலிருந்து விதை எடுத்து, குடுவையில் முளைக்க வைத்து, பல ஆண்டு வளர்த்து, சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின்மேல் கொண்டுபோய்க் கட்டினார்கள். புலி ஆர்க்கிட்டும் அவற்றில் ஒன்று. நகலாக எடுக்காமல் விதையிலிருந்து வளர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தோடு இருக்கத்தான். நட்டது பிழைத்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. பூச்சி வந்ததா, காய் பிடித்ததா, பட்டையில் புதுக் குட்டி முளைத்ததா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். குட்டி முளைத்தால்தான் பூஞ்சையும் அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

நம்மால் ஆவது சிறியதுதான், ஆனால் உண்டு. மலையேறும் சாலையோரக் கடைகளில் ஆர்க்கிட் வாங்கும்போது வேரைப் பாருங்கள். பண்ணைச் செடி தொட்டியில் கரித்துண்டுகளைப் பிடித்துக்கொண்டு, ஒரே அளவாக, பெயர்ச்சீட்டோடு இருக்கும். காட்டிலிருந்து பிடுங்கியதில் வேர் அறுந்திருக்கும், மரப்பட்டை ஒட்டியிருக்கும், இலையில் பூச்சி கடித்த தழும்பு இருக்கும். அதை வாங்காமல் வந்துவிடுங்கள். விற்பவரிடம் சண்டை வேண்டாம். அவருக்கு அது அன்றாடப் பிழைப்பு. வாங்க ஆளில்லை என்றால் பிடுங்கவும் ஆளிருக்காது. அப்புறம், மாமரத்தில் இருப்பதைச் சுரண்டாதீர்கள்.

ஒன்பதாம் நாள்

அந்த உரச்சாக்கை நான் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். உள்ளே இருந்ததில் பாதி நசுங்கிப் போயிருந்தது. மீதியை என் ரம்புத்தான் மரத்தில், பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். வேர் பட்டையைப் பிடித்ததும் துணி தானாக மக்கி விழுந்துவிடும்.

புறா ஆர்க்கிட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. மொட்டுகள் பாதி வளர்ந்த நிலையில் தூங்கிக் கிடக்கும். மத்தியானப் புழுக்கத்துக்குப் பின் பெருமழை கொட்டி, காற்றின் வெப்பம் திடீரென்று 5 டிகிரிக்கு மேல் இறங்கினால், அதுதான் அவற்றுக்கு மணியோசை. மழைக்கு மறுநாளிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் நாள் காலை, அந்த மழை பெய்த வட்டாரம் முழுக்க எல்லாப் புறா ஆர்க்கிட்டும் ஒன்றாக மலரும். வெள்ளைப் பூ, உதட்டில் மஞ்சள், நல்ல வாசனை. ஒரு பூவுக்கு ஆயுள் ஒரே நாள். தேனீ ஒரு மரத்துப் பொட்டலத்தை இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் எல்லாரும் ஒரே நாளில் கதவைத் திறந்தால்தான் உண்டு. முந்தினவருக்கும் பிந்தினவருக்கும் துணை கிடைக்காது.

போன வெள்ளிக்கிழமை மூன்று மணி வாக்கில் எங்கள் பக்கம் அப்படி ஒரு மழை. நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். கட்டி வைத்த செடிகள் இந்த முறை பூக்குமா என்று சொல்ல முடியாது, வேர் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. ஆனால் சாலையோர மரங்களில் மொட்டு இருக்கிறது, நேற்றுக்கூடப் பார்த்தேன். அந்த அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயிலுக்குப் போகும் வழியில் நிமிர்ந்து பாருங்கள் என்று. சாயங்காலம் போனால் வாடிப்போயிருக்கும்.